கொலோம்பா உட்கார்ந்த குளிர்காலம்

கொலோம்பாவுக்குத் தொழில் நிற்பது. செப்புக்குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்பாள். வழியோர மாதா கூட்டின் முன் கைகூப்பி நிற்பாள். படகில் போனவன் திரும்புவானா என்று பாறைமேல் ஏறிக் கடலைப் பார்த்து நிற்பாள். பாறை என்பது பழைய மரப்பெட்டி. கடல் என்பது ஓவியருடைய அறையில் கழுவாத பாத்திரங்கள் கிடக்கும் மூலை. நடனம் ஆடுவதுபோல் ஒரு காலைத் தூக்கி நிற்கச் சொல்வதும் உண்டு. அப்போது பிடித்துக்கொள்ள உத்தரத்திலிருந்து ஒரு கயிறு தொங்கவிடுவார்கள். படத்தில் கயிறு இருக்காது. ஆயிரத்து எண்ணூற்று இருபதுகளில் ரோமுக்கு வந்துபோன வெளிநாட்டு ஓவியர்களில் பாதிப் பேருடைய தோல்பைக்குள் அவள் ஏதாவது ஒரு காகிதத்தில் நின்றபடியேதான் பனி மலைகளைக் கடந்திருப்பாள். அவளுடைய முழங்கால் வலி மட்டும் எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை.

மலைமேல் இருந்த ரொக்கா பியான்கா அவள் பிறந்த ஊர். அந்த ஊர்ப் பெண்கள் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் உடுத்தும் உடையை அவள் வாரத்தின் வேலை நாளெல்லாம் உடுத்தினாள்: கயிறு கோத்து இறுக்கும் சிவப்பு ரவிக்கை, வரிவரியாக நெய்த முன்துணி, உச்சந்தலையில் பலகைபோல் மடித்து வைக்கும் வெள்ளைத் துணி, கழுத்தில் பவளம். ஞாயிற்றுக்கிழமை வந்தால்தான் அவளுக்குப் பழந்துணி. ஊரே பட்டும் பகட்டுமாகப் பூசைக்குப் போகும்போது இவள் சாம்பல் நிறப் பாவாடையில் கடைசி வரிசையில் தூண் ஓரமாகச் சாய்ந்திருப்பாள். பக்திக்குறைவு என்று சிலர் பேசினார்கள். தூணில் சாய்வதைவிட ஆழமான பக்தி அவளிடம் அந்தக் காலத்தில் வேறு இல்லை என்பது என் எண்ணம்.

ரோமின் மார்குத்தா தெரு வீட்டில் மேல்மாடி எனக்கு. கீழே குதிரை லாயத்தை ஒட்டிய அறை அவர்களுக்கு. நடுவில் இருந்தது இடைவெளி விட்ட பலகைத் தரை. ஆகவே அவர்கள் வீட்டுப் பேச்சைக் கேட்க நான் எந்த முயற்சியும் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

அவள் கணவன் நாஸ்ஸரேனோவும் மாடல்தான். முப்பத்தைந்து வயதுக்குள் நெஞ்சுவரை வெள்ளையாக இறங்கிவிட்ட தாடி ஒன்று அவனுக்கு வாய்த்திருந்தது. வேறு ஊரில் அது துரதிர்ஷ்டம். ரோமில் அது சொத்து. அந்தத் தாடியை வைத்துக்கொண்டு அவன் சூசையப்பராக, பேதுருவாக, எல்லாவற்றுக்கும் மேலாகப் பிதாவாகிய கடவுளாகவே வேலை பார்த்தான். கடவுளுக்கு மேகத்தின்மேல் உட்கார்ந்த வேலை. மேகம் என்பது வைக்கோல் திணித்த மெத்தை. அதில் அவன் நன்றாகத் தூங்குவான். "கடவுள் குறட்டை விடுறாரு, யாராவது எழுப்புங்கப்பா" என்று ஓவியர்கள் குரல் கொடுப்பது மாடிப்படிவரை கேட்கும்.

பகலெல்லாம் நின்றவள் வீட்டுக்கு வந்து நின்றபடியே சமைத்தாள். பகலெல்லாம் உட்கார்ந்தவன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். இதில் யாருக்கும் எந்த வியப்பும் இருக்கவில்லை.

ஒரு வருஷம் அக்டோபரில் அவர்களுடைய ஒரே பிள்ளை, ஐந்து வயது தெக்லா, விட்டுவிட்டு அடிக்கும் காய்ச்சலில் படுத்தாள். ரோமில் அந்தக் காய்ச்சலுக்குப் பயப்படாதவர்கள் அதை அறியாதவர்கள் மட்டுமே. கசப்புப் பட்டைக் கஷாயம் கொடுத்தார்கள். குழந்தை அதைத் துப்பியது. கொலோம்பா பக்கத்தை விட்டு நகரவில்லை. நாஸ்ஸரேனோ எழுந்து மடத்துக் கோயிலுக்குப் போனான், வெகுநேரம் கழித்து வந்தான், யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சில நாளில் காய்ச்சல் இறங்கியது. குழந்தை கஞ்சி கேட்டது. அப்போதுதான் அவன் வாயைத் திறந்தான்.

"அந்தோனியார்கிட்ட வேண்டிக்கிட்டேன். அதான் பொழச்சா."

"நல்ல காரியம்யா. என்னன்னு வேண்டிக்கிட்டே?"

"பிள்ள எந்திரிச்சா, அவரோட பழுப்பு அங்கிய, இடுப்புக் கயிறோட, அவர் திருநாள் வரைக்கும் உடுத்துறதா."

"யாரு உடுத்துறதா?"

தாடியைத் தடவிக்கொண்டிருந்திருப்பான்.

"நீ."

"நானா?"

"அவசரத்துல வாயில வந்துட்டுது, கொலோம்பா."

"யோவ், சோறு கேக்கறப்பகூட உன் வாயில என் பேரு வராது, 'ஏய்'தான் வரும். அந்தோனியார் முன்னாடி மட்டும் முழுப் பேரும் வந்துச்சோ?"

"நான்தான் உடுத்தணும்னு மொதல்ல நெனச்சேன். சத்தியமா. அப்புறம் சிலையப் பாத்தேன். அவருக்குத் தாடி இல்ல. எனக்கு இவ்வளவு இருக்கு. பொருந்தாதேன்னு…"

"எனக்குப் பொருந்துமா? அவரு ஆம்பளைய்யா!"

"துறவிங்க அங்கியில ஆம்பளை பொம்பளை என்ன தெரியப் போகுது?"

"அதான். தெரியாது. எதுவும் தெரியாது. என்னைப் பாக்கறவனுக்கு என்ன தெரியும்? ஒரு சாக்கு. சாக்க எவன் படம் போடுவான்?"

கணக்கு அவளுக்கு உடனே புரிந்திருந்தது. வெளிநாட்டார் இலையுதிர்கால மழையோடு ரோமுக்குள் வருவார்கள், ஜூன் மாத வெயிலில் காய்ச்சலுக்குப் பயந்து ஓடிவிடுவார்கள். பதுவை அந்தோனியாரின் திருநாள் ஜூன் நடுவில். நாஸ்ஸரேனோ குறித்த கெடு அந்த வருஷப் பிழைப்பின்மேல் பானைமேல் மூடிபோல் கச்சிதமாகப் பொருந்தியது. இவ்வளவு துல்லியமாக அவன் அதற்குமுன் எதையும் செய்ததில்லை.

மறுநாள் அவள் மடத்துக்குப் போனாள். எஜிதியோ சாமி தோட்டத்தில் கீரைப்பாத்தி கொத்திக்கொண்டிருந்தார். மண் தெரிந்தவர், சட்டமும் தெரிந்தவர். இரண்டிலும் அதிகம் கிளறாமல் இருப்பதே நல்லது என்ற கொள்கை உடையவர். பிற்பாடு அவரே இந்தப் பேச்சை எனக்குச் சொன்னார்.

"சாமி, ஒருத்தன் நேர்ந்துக்கிட்டது இன்னொருத்தியக் கட்டுமா?"

"கட்டாதும்மா. நேர்ந்தவனைத்தான் கட்டும்."

"அப்ப நான் உடுத்த வேண்டாம்?"

"வேண்டாம்."

"உடுத்தாட்டி பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதே?"

"அந்தோனியார் என்ன வட்டிக்கடையா வச்சிருக்காரு?"

"தொலஞ்ச ஊசியக்கூட ஞாபகம் வச்சுத் தேடிக் குடுக்கிறவரு சாமி. இத மறந்துருவாரா?"

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டார். "மறக்க மாட்டாரு. ஆனா கேக்க மாட்டாரு."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

திருச்சபைச் சட்டம் அவருக்கு இதற்குமேல் கைகொடுக்கவில்லை. உனக்கு விருப்பம் எப்படியோ அப்படிச் செய், நீ சுதந்திரமானவள் என்றார். கொலோம்பாவுக்குக் கோபம் அப்போதுதான் வந்தது.

"கட்டும்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா அழுதுக்கிட்டே உடுத்தியிருப்பேன் சாமி. கட்டாதுன்னு சொல்லிட்டீங்க. இப்ப நானாவேதானே உடுத்தணும்!"

உடுத்தினாள். சிவப்பு ரவிக்கையும் வரித்துணியும் பவளமும் சுவர் ஆணியில் ஏறின. அந்தோனியாரின் பழுப்புக் கம்பளி அங்கியை மாட்டி, வெள்ளைக் கயிற்றை இடுப்பில் முடிந்துகொண்டு, வழக்கம்போல் காலையில் ஸ்பெயின் சதுக்கத்துப் படிகளுக்குப் போனாள். மாடல்கள் கூடும் இடம் அதுதான். வேறு எங்கே போவது என்று அவளுக்குத் தெரியாது.

"கொலோம்பாக்கா, என்ன இது? யாரு செத்தா?" என்றாள் பெர்பெத்துவா. அவளும் மாடல், அழகி, வாயை மூடினால் மாதா, திறந்தால் மீன்கடை.

"யாரும் சாகலடி. சாகாததுக்குத்தான் இது."

"இந்தக் கோலத்துல உன்னைக் கூப்பிட்டா எதுக்குக் கூப்பிடுவாங்க? உருளைக்கிழங்கு மூட்டையா நடிக்கவா?"

ஒருவரும் கூப்பிடவில்லை. ஓவியர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், பார்வை அவள்மேல் நிற்காமல் படிக்கல்லைப்போல் கடந்து பெர்பெத்துவாவிடம் போனது. கொலோம்பா முதலில் சற்றுநேரம் நின்றாள். பிறகு, நிற்பதற்குக் காரணம் எதுவும் இல்லை என்பது நினைவுக்கு வந்ததுபோல், உட்கார்ந்தாள்.

இதைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. மற்ற மாடல்கள் ஆள் வரும்வரை படியில் உட்கார்ந்துதான் இருப்பார்கள். கொலோம்பா உட்கார மாட்டாள். உட்கார்ந்தால் பாவாடை மடிப்பு கசங்கும், கசங்கிய மடிப்பை மறுபடி எடுக்க ஒரு மாலை போகும். ஆக, வேலை இல்லாத நேரத்திலும் அவள் நின்றவள். அந்தோனியாரின் அங்கிக்கு மடிப்பும் இல்லை, மானமும் இல்லை. அவள் சுவரோரம் வெயில் விழும் படியில் உட்கார்ந்தாள், கால்களை நீட்டினாள், தலையைக் கல்லில் சாய்த்தாள், வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். அந்த வருஷங்களில் ரோமில் மதுக்கடைக்குள் உட்கார்ந்து குடிக்கக்கூடத் தடை இருந்தது. வாசலில் கம்பித்தடுப்பு வைத்து வெளியே நின்றபடி வாங்கிப் போகச் சொல்லியிருந்தார்கள். நகரமே நின்றுகொண்டிருந்த காலத்தில் கொலோம்பா ஒருத்திதான் உட்கார்ந்தாள் என்று தோன்றும்.

நவம்பர் மாதம் ஒருநாள் படியில் என்னைப் பார்த்து அவளே கேட்டாள்: "ஐயா, நேர்ச்சைன்னா கஷ்டமா இருக்கணுமில்ல?"

"இருக்கணும்னு சொல்வாங்க."

"எனக்குச் சுகமா இருக்கு. இது பாவமா?"

வயிறு காய ஆரம்பித்ததும் அந்தச் சந்தேகம் தீர்ந்தது. முதலில் சீஸ் நின்றது. பிறகு எண்ணெய் நின்றது. பிறகு வறுத்த கஷ்கொட்டையும், நகரச் சுவருக்கு வெளியே பறித்த காட்டுக் கீரையும் மட்டும் இரண்டு வேளைக்கும் என்றானது. நாஸ்ஸரேனோவின் தொழிலும் படுத்தது. அந்தக் குளிர்காலத்தில் ஓவியர்கள் யாருக்கும் கடவுள் தேவைப்படவில்லை. எல்லோரும் கொள்ளைக்காரனைக் கேட்டார்கள். தாடிக்குக் கரி பூசி, கூம்புத் தொப்பி வைத்து, கையில் துப்பாக்கியும் கொடுத்து அவனை நிற்க வைத்தார்கள். மாலையில் கால்களைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"குதிகால் ரெண்டும் விட்டுப் போச்சு கொலோம்பா."

"அப்படியா? நிக்கறதுல குதிகாலும் சேருமா? எனக்குத் தெரியாதே."

புது வருஷம் பிறந்ததும் தொம்மாசோ, உடையோடு வரச் சொல்லி அவளுக்கு ஆள் அனுப்பினார். தாமஸ் என்ற இங்கிலாந்துக்காரர். எங்கள் தெரு அவரைத் தொம்மாசோ ஆக்கியிருந்தது. நீர்வண்ணம் போடுகிறவர், மெலிந்தவர், எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்கிறவர். குழந்தைக்குக் காய்ச்சல் வருமுன் அவர் கொலோம்பாவையும் நாஸ்ஸரேனோவையும் வைத்து ஒரு படம் ஆரம்பித்திருந்தார். கிணற்றின் விளிம்பில் அவன் உட்கார்ந்திருப்பான், குடத்தோடு அவள் நிற்பாள். முகங்கள் முடிந்துவிட்டன. நிழல்களுக்கு வெளிறிய பழுப்பு போட்டாகிவிட்டது. உடைகள் மட்டும் வெறும் காகித வெள்ளையாகக் காத்திருந்தன. ஈஸ்டருக்கு முன் ஒரு சீமாட்டிக்கு அதைத் தர வேண்டும்.

"உடை போட்டுக்க முடியாதா? ஒரு மணி நேரம்?"

"முடியாதுங்கய்யா."

"மன்னிக்கணும். அப்போ நீ இப்படியே நில்லு. உடையை அந்த நாற்காலிமேல போடறேன். உன்னைப் பார்த்து நிழல், அதைப் பார்த்து நிறம்."

கொலோம்பா யோசித்தாள். சிவப்பு ரவிக்கையை அவள் உடுத்தப் போவதில்லை; உடுத்தாததற்கு அந்தோனியார் குறை சொல்ல முடியாது. நிற்பதற்கு நேர்ச்சையில் தடை எதுவும் இல்லை. வீட்டில் எண்ணெய் இல்லை. சரி என்றாள்.

அப்படி அவள் தன் பழுப்பு அங்கியில், தலையில் வெற்றுக் குடத்தோடு, எதிரே நாற்காலியில் சரிந்துகிடந்த தன் சொந்த ரவிக்கையைப் பார்த்தபடி நின்றாள். சில மாதம் உட்கார்ந்த கால்கள் நிற்பதை மறந்திருந்தன. வலி மட்டும் எதையும் மறக்காமல் திரும்பி வந்தது. மாலையானதும் தொம்மாசோ வழக்கம்போல் பலகையைத் திருப்பிக் காட்டினார். அவர் அப்படிக் காட்டாமல் இருந்திருக்கலாம்.

காகிதத்தில் கொலோம்பா சிவப்பு உடுத்தி நின்றாள்.

அவளுடைய முகம், அவளுடைய கழுத்து, பவளம், மார்பில் இறுக்கிய சிவப்பு. இன்னும் ஈரம் காயவில்லை. அந்தோனியாருக்குக் கண் இருந்தால், அந்தக் கண்ணுக்கு இந்தக் காகிதம் என்ன சொல்லும்? அவள் காசை வாங்கி, உடையையும் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். விளக்கு வைக்கும் நேரத்தில் தெக்லாவின் உடம்பைத் தொட்டுப் பார்த்தாள். கொதித்தது.

விட்டுவிட்டு வரும் காய்ச்சல் விட்ட பிறகு வரத்தான் செய்யும். அதனால்தான் அதற்கு அந்தப் பெயர். இதை நான் அவளிடம் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். விடிந்ததும் தொம்மாசோவின் கதவைத் தட்டினாள்.

"அந்தச் சிவப்ப எடுத்துருங்கய்யா."

"எடுக்கறதா?"

"கழுவுங்க. தண்ணியிலதானே போட்டீங்க? தண்ணியிலயே போகட்டும்."

அவர் நல்ல மனிதர். சீமாட்டியை மறந்து, கடற்பஞ்சை நனைத்து, உண்மையாகவே கழுவிப் பார்த்தார். மற்ற நிறங்கள் ஓரமாகக் கலங்கின. சிவப்பு மட்டும் காகிதத்தின் எலும்புவரை இறங்கியிருந்தது. துடைக்கத் துடைக்க வெளிறி, புதுக் கல்யாணப் பெண்ணின் உடைபோல ரோஜா நிறமாகி நின்றது.

"மன்னிக்கணும். இதுக்கு மேல போகாது."

"முன்னயவிட மோசமாயிருச்சே!" என்றாள் கொலோம்பா.

அன்று மதியம் அவள் ஆணியிலிருந்து உடையை எடுத்தாள். ரவிக்கை, முன்துணி, தலைத்துணி, பவளம் எல்லாவற்றையும் அழகாக மடித்து மூட்டை கட்டித் தலையில் வைத்துக்கொண்டு மடத்துக் கோயிலை நோக்கி நடந்தாள். குழந்தையை லாயத்து வண்டிக்காரன் மனைவியிடம் விட்டிருந்தாள். எங்கே போகிறாள் என்று கேட்டேன்.

"அந்தோனியார்கிட்டயே குடுத்துடப் போறேன். மாட்டிக்கட்டும். இனிமே உடுத்தினாளா இல்லையான்னு அவருக்கும் சந்தேகம் வேண்டாம், எனக்கும் வேண்டாம்."

உடை போனால் தொழில் போனது. பத்து வருஷச் சம்பாத்தியத்தில் தைத்த உடை. இனி அப்படி ஒன்று தைக்கப் போவதில்லை. துணி துவைக்கப் போகலாம், அதற்கும் நிற்க வேண்டும், அதுவும் தண்ணீரில். இதையெல்லாம் நான் சொல்லத் தொடங்குமுன் அவள் கோயில் மேட்டில் பாதி ஏறியிருந்தாள்.

அவள் போன சற்று நேரத்தில் நாஸ்ஸரேனோ வந்தான். வெற்று ஆணியைப் பார்த்தான். மாடிப்படியில் இருந்த என்னைப் பார்த்தான்.

"எங்கய்யா போனா?"

சொன்னேன். அவன் உட்காருவான் என்று எதிர்பார்த்தேன். உட்காரவில்லை. மேட்டுப் பக்கம் இரண்டடி வைத்தான், நின்றான், திரும்பிச் சரசரவென்று தெருமுனைக்குப் போய் நாவிதன் கடைக்குள் நுழைந்தான். எனக்கு அன்று வேறு வேலை இல்லை, பின்னாலேயே போனேன்.

"எவ்வளவு கொறைக்கணும்?" என்றான் நாவிதன்.

"அடியோட."

நாவிதன் சிலுவை போட்டுக்கொண்டான். "யோவ், இது கடவுளோட தாடிய்யா."

"கடவுள் வேற ஆள் பாத்துக்குவாரு. நீ செரை."

நாங்கள் கோயிலுக்குள் போனபோது அந்தோனியார் பீடத்தின் முன்னால் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. வெள்ளி இதயங்களும் மெழுகுக் கைகால்களும் தொங்கும் சுவருக்குக் கீழே மூட்டை கிடந்தது. எஜிதியோ சாமி அதை எடுக்க மறுத்துக்கொண்டிருந்தார்.

"இத வச்சு நான் என்னம்மா பண்றது? அந்தோனியாருக்கு ரவிக்கை போட்டு விடவா?"

"மாட்டி வைங்க சாமி. பிள்ளைக்காகன்னு."

"பிள்ளைக்கு மருந்து வாங்க இதுதானேம்மா சம்பாதிக்குது? யோசிச்சுப் பாரு."

"யோசிச்சுட்டேன்." அவள் குரல் தாழ்ந்தது. "இது வீட்டுல இருக்கிற வரைக்கும் எவனாவது நிக்கச் சொல்லுவான் சாமி. எடுத்துக்குங்க. என்னால முடியல."

அப்போது கதவுப் பக்கமிருந்து வந்த ஒருவனை இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். குழிவிழுந்த சின்ன முகவாய், காதோரம் சோப்பு நுரை, வெயிலே காணாத வெளிறிய கன்னம்.

"பூசை முடிஞ்சுது தம்பி. நாளைக்கு வா" என்றார் சாமி.

"நான்தான் சாமி."

பீடப்படியில் உட்கார்ந்திருந்த கொலோம்பா எழுந்தாள். அருகில் வந்து பார்த்தாள். "யோவ்… தாடி எங்க?"

அவன் கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினான். வெள்ளையாக, நூல்கண்டுபோல், உள்ளே கிடந்தது.

"வேண்டிக்கிட்டது நான். நான்தான் உடுத்தணும். அவருக்குத் தாடி இல்லன்னு சாக்கு சொன்னேன். இப்ப எனக்கும் இல்ல. அங்கியக் கழட்டிக் குடு."

"உன் வாயில என் பேருதானே வந்துச்சு?"

"வந்தது தப்பு. சாமி, மாத்திக்கலாமா?"

எஜிதியோ சாமி நெற்றியைத் தேய்த்தார். தோட்டத்தில் அவரைக் கைவிட்ட சட்டம் இப்போது திடீரென்று துணைக்கு வந்தது அவர் முகத்திலேயே தெரிந்தது. "நேர்ந்தவன், அதவிடக் கஷ்டமான ஒண்ணா மாத்திக்கலாம். அனுமதி உண்டு. இது உனக்குக் கஷ்டமா?"

"இந்தத் தாடியிலதான் சாமி நாங்க சோறு தின்னது. திருநாள் வரைக்கும் வளக்க மாட்டேன்."

"அப்ப செல்லும்" என்றார் சாமி. தாடியை வாங்கி, ஒரு ரிப்பனில் கட்டி, வெள்ளி இதயங்களுக்கு நடுவே அவரே மாட்டினார். குனிந்து மூட்டையை எடுத்துக் கொலோம்பாவின் கைகளில் வைத்தார். "இந்தா மகளே. ஒன்னோடது ஒனக்கு."

அவள் முகத்தில் அப்போது தெரிந்தது நன்றி என்று எழுத எனக்கு ஆசைதான். சுமைதாங்கியில் ஒருவழியாக இறக்கிவைத்த பாரத்தை, வழியில் போகிற யாரோ அன்பாகத் தூக்கி மறுபடி தலையில் ஏற்றிவிட்டால் ஒரு பெண் எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தாள். பிறகு கணவனின் முகவாயைப் பார்த்தாள்.

"இவ்வளவு சின்னதா இது?"

"கல்யாணத்தன்னிக்கும் இப்படித்தான் இருந்துச்சு."

"அன்னிக்கு நான் தலையக் குனிஞ்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள் கொலோம்பா.

தெக்லாவின் காய்ச்சல் அடுத்த வாரத்தில் இறங்கியது, அந்த வருஷம் திரும்பவில்லை. பட்டைக் கஷாயம் என்றார் மருத்துவர். அந்தோனியார் என்றார் சாமி. நாஸ்ஸரேனோ தன் முகவாயைத் தடவினான். கொலோம்பாவிடம் யாரும் கேட்கவில்லை. கோயிலில் தொங்கிய தாடியை ஏதோ புனிதரின் திருப்பண்டம் என்று எண்ணிக் கிழவிகள் முத்தமிடத் தொடங்கினார்கள். சாமி அதைக் கைக்கு எட்டாத உயரத்துக்கு மாற்றினார். கைக்கு எட்டாத உயரத்தில் வைத்ததால் மதிப்பு இன்னும் ஏறியது.

தொம்மாசோ ரோஜா நிறத்தின்மேல் மறுபடி சிவப்பைப் போட்டுப் படத்தை முடித்தார். அதில் நாஸ்ஸரேனோவுக்கு நெஞ்சுவரை தாடி இருக்கிறது. கொலோம்பாவின் தோளுக்குப் பின்னால் மட்டும் கடற்பஞ்சு கலக்கிய இடம் ஒரு மங்கலாக நின்றுவிட்டது. மாலை மூடுபனியை எவ்வளவு நுட்பமாகப் பிடித்திருக்கிறீர்கள் என்று சீமாட்டி பாராட்டினாளாம். அவர் மன்னிப்புக் கேட்டாராம்.

தாடி இல்லாத நாஸ்ஸரேனோ கடவுளும் இல்லை, கொள்ளைக்காரனும் இல்லை. எந்தப் படத்துக்கும் ஆகாத ஒரு சின்ன முகவாய்க்காரன். கணுக்கால் தெரியும் அந்தப் பழுப்பு அங்கியில் அவன் தினமும் மனைவியோடு படிகளுக்கு வந்தான், வேறு வேலை இல்லாததால். தெக்லாவை மடியில் போட்டுக்கொண்டு, கொலோம்பா உட்கார்ந்திருந்த அதே வெயில் படியில் உட்கார்ந்தான்.

ஏப்ரலில் ஒருநாள் நான் அந்த வழியாக இறங்கியபோது கொலோம்பா சிவப்பு உடுத்தி, மடிப்பு கலையாமல், தலையில் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். கீழ்ப்படியில் ஒரு வெளிநாட்டு இளைஞன் ஓவியப் புத்தகத்தை விரித்து அவளையே பார்த்தான். வெயில் படியில் தூங்கிக்கொண்டிருந்த நாஸ்ஸரேனோ கண் விழித்தான். மனைவியின் கால்களைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அத்தனை வருஷத்தில் கேட்காத ஒன்றைக் கேட்டான்.

"கால் வலிக்குதா?"

"பேசாத" என்றாள் கொலோம்பா, உதடு அசையாமல். "இப்பத்தான் பென்சில எடுக்கிறான்."